சைக்கிளுக்கு ஹாரன்: உயிரோடு வீடு போய்ச்சேரும் வழிகள்

சைக்கிளுக்கு ஹாரன் மாட்டுவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். சபாஷ். தாமதமாக வந்த முடிவுதான், ஆனாலும் நல்ல முடிவு. இந்தக் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றினால் ஒரே மாதத்தில் சாலையில் நீங்களும் ஒரு ஆளாகிவிடலாம்.

பயிற்சிக் களத்தை நானே பார்த்து வைத்திருக்கிறேன்: காடாம்புலியூர். பண்ருட்டிக்கும் நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கும் நடுவில், முந்திரித் தோப்புகளைப் பிளந்துகொண்டு ஓடுகிற நெடுஞ்சாலை. பழைய எண் 45சி, இப்போது 36. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை நான்கு வழியாக்குகிறோம் என்று தோண்டிப் போட்டு, வருடக்கணக்கில் நம்மைச் செம்மண் புழுதி தின்ன வைத்த அதே சாலை. கும்பகோணம்–சென்னைப் பேருந்து இதில்தான் போகிறது. டாரஸ் லாரி போகிறது. சீசனில் பலாப்பழம் ஏற்றிய மினி லாரி போகிறது. முந்திரிக்கொட்டை மூட்டையோடு டாடா ஏஸ் போகிறது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்ட மோட்டார் சைக்கிள்கள் இவை எல்லாவற்றுக்கும் நடுவில் புகுந்து போகின்றன. ஒவ்வொருவரிடமும் ஹாரன் இருக்கிறது. உங்களிடம் இருப்பதோ, கட்டைவிரலால் தட்டினால் ‘கிளிங்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு வெட்கப்பட்டு அடங்கிவிடும் ஒரு தகர மூடி. இந்த அநீதியைத் துடைப்போம், வாருங்கள்.

1. முதல் வேலையாகப் பெல்லைக் கழற்றி எறியுங்கள்.

பெல்லில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது: அது மரியாதை தெரிந்தது. ‘நான் வருகிறேன்’ என்று மட்டும் சொல்லும். நமக்கு வேண்டியது ‘நீ போ’. உங்கள் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க சைக்கிளில் பெல் இருந்தால் அதையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ‘பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடுகிற சைக்கிள்’ என்று உங்கள் வண்டியை யாராவது கிண்டல் செய்திருப்பார்கள். இனிமேல் அந்த மற்றதெல்லாம் போடும் சத்தமும் கேட்காது.

2. தகுதியான ஹாரனைத் தேர்ந்தெடுங்கள்.

ரப்பர் பந்தை அமுக்கினால் ‘பாம் பாம்’ என்று கத்துமே, அது வேண்டாம். ஐஸ் வண்டிக்காரர் என்று நினைத்துக் குழந்தைகள் உங்களை நோக்கி ஓடிவருவார்கள். ஹாரன் என்பது ஆளை விரட்டுவதற்கு, வரவழைப்பதற்கு அல்ல.

வெளிநாட்டில் நம்மைப்போல் சிந்தித்தவர்கள் இருக்கிறார்கள். ஏர்சவுண்ட் என்று ஒன்று: பிளாஸ்டிக் பாட்டிலில் சைக்கிள் பம்பாலேயே காற்றடைத்துக்கொண்டால் 115 டெசிபலில் அலறும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்காரர் ஒருவர் லவுட் பைசைக்கிள் என்ற பேரில் அச்சு அசலாகக் கார் போலவே கத்தும் சைக்கிள் ஹாரனைச் செய்து விற்றார். கார் ஹாரன் கேட்டால் கார் ஓட்டுகிறவர் கால் தன்னால் பிரேக்குக்குப் போகும் என்பது அவர் கணக்கு. பாஸ்டனில் சரியாக வரக்கூடிய கணக்குதான். அங்கே ஹாரன் அடித்தால் ஏதோ நடந்துவிட்டதென்று பொருள். காடாம்புலியூரில் ஹாரன் அடிக்காமல் ஒரு வண்டி போனால்தான் ஏதோ நடந்துவிட்டதென்று டீக்கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். ஆனால் இந்தச் சின்ன வேறுபாடெல்லாம் உங்கள் உற்சாகத்தைக் குறைக்க வேண்டாம்.

சாதனை என்று பார்த்தால் இங்கிலாந்தின் யானிக் ரீட்தான். ரயில் எஞ்சினில் மாட்டும் ஹாரனைச் சைக்கிளில் கட்டி, கடலுக்குள் மூழ்குகிறவர்கள் முதுகில் சுமக்கும் காற்று உருளையால் ஊதவைத்து, 178 டெசிபல் எட்டினார். வண்டிக்கு ஹார்ன்ஸ்டர் என்று பேர். உங்கள் லட்சியம் அதுவாக இருக்கட்டும். இப்போதைக்கு உள்ளூர்ச் சரக்கிலிருந்து தொடங்குவோம்.

மெக்கானிக் கடைக்குப் போய், ‘அண்ணே, கார்ல போடுற விண்ட்டோன் ஒரு ஜோடி வேணும்’ என்று கேளுங்கள். கோயம்புத்தூரிலேயே ரூட்ஸ் நிறுவனம் செய்கிறது; சுதேசிச் சத்தம். அதற்கு 12 வோல்ட் பைக் பேட்டரி ஒன்று, ஒரு ரிலே, கொஞ்சம் ஒயர். பேட்டரியைக் கேரியரில் வைத்து டியூப் ரப்பரால் இழுத்துக் கட்டுங்கள். ‘எதுக்குண்ணே சைக்கிளுக்கு?’ என்று அவர் சிரித்தால் கோபப்படாதீர்கள். முதலில் அவரிடமே அடித்துக் காட்டுங்கள்.

ஊரில் யாராவது ‘உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?’ என்று கேட்டால் இனிமேல் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம். முளைத்திருக்கிறது, 12 வோல்ட்டில், ஜோடியாக.

3. பிரேக்குக்கு வைத்திருந்த காசை இதில் போடுங்கள்.

பிரேக் கட்டை தேய்ந்துபோய் ரிம்மில் இரும்பு உரசுகிறது என்று எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்! மாற்றாதீர்கள். பிரேக் என்பது தோல்வியை ஒப்புக்கொள்ளும் கருவி. பிரேக் பிடிக்கிறவர் ஒதுங்குகிறார்; ஹாரன் அடிக்கிறவர் ஒதுக்குகிறார். சாலையில் பெரிய வண்டி ஓட்டும் எல்லோரும் கடைப்பிடிக்கிற கொள்கை இதுதான். பேருந்து வேகம் குறைக்காமல் ஊருக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். வேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகத்தான் அந்த நீளமான ஹாரன்.

4. பொத்தானைப் பிரேக்கிலிருந்து எட்டவைத்து மாட்டுங்கள்.

விவரம் தெரியாதவர்கள் ஹேண்டில்பாரில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். நீங்கள் நடு பாரில் மாட்டுங்கள். அடிக்க வேண்டுமென்றால் ஒரு கை பிரேக்கை விட வேண்டும். ஏன் என்கிறீர்களா? இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஆபத்து நேரத்தில் மனசு தடுமாறும். பழக்க தோஷத்தில் பிரேக்கைப் பிடித்துவிடுவீர்கள். சாதாரணமாக மிதித்தாலே சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும், அதாவது ஒரு விநாடிக்கு நாலு மீட்டர். பொத்தானைத் தேடித் தடவுகிற அந்த ஒரு விநாடியில் நாலு மீட்டர் முன்னேறியிருப்பீர்கள். முன்னேற்றம்தானே நமக்கு வேண்டும்?

5. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்ற கணக்கை ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகு மறந்துவிடுங்கள்.

இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. பயிற்சியாளன் என்ற முறையில் விஞ்ஞானத்தை மறைக்கக் கூடாது.

திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். உங்கள் ஹாரன் ஒரு மீட்டரில் 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டரில் 109. நாலில் 103. எட்டில் 97. பதினாறில் 91. முப்பத்திரண்டில் 85. எதிரே வருகிற காரில் கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏசி ஓடுகிறது. மூடிய கார் வெளிச் சத்தத்தில் 20, 30 டெசிபலைச் சாதாரணமாக விழுங்கிவிடும். ஆக, முப்பது மீட்டர் தூரத்தில் உள்ளே போய்ச் சேருவது அறுபது சொச்சம். இரண்டு பேர் பேசிக்கொள்கிற அளவு. உள்ளே இளையராஜா பாடிக்கொண்டிருந்தால் அதுவும் இல்லை. பேருந்து ஓட்டுநருக்கோ தன் எஞ்சினும் தன் ஹாரனும் தவிர உலகத்தில் வேறு ஒலி கிடையாது.

சாலை ஓரத்தில் முறத்தில் முந்திரிப்பழம் வைத்திருக்கிற ஆயா இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஏசி இல்லை, கண்ணாடி இல்லை. நூற்றொன்பதும் முழுசாகப் போய்ச் சேரும், ஒரு டெசிபல் சேதாரம் இல்லாமல்.

அதாவது உங்கள் மேல் ஏறக்கூடியவர் ஒருவருக்கும் இந்த ஹாரன் கேட்காது; நீங்கள் மேலே ஏறக்கூடியவர் எல்லோருக்கும் கேட்கும். சிலர் இதை ஹாரனின் குறை என்பார்கள். அவர்களுக்கு ஹாரன் எதற்கென்று தெரியவில்லை. இத்தனை நாளாகச் சாலையில் உங்களுக்குக் கீழே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள். இருக்கிறார்கள். அடித்துப் பாருங்கள், திரும்பிப் பார்ப்பார்கள்.

6. கீழிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம்: கோழி, நாய்.

இரண்டாம் வாரம்: ஆடு. செம்மறியை விட வெள்ளாடு நல்லது, துள்ளும்.

மூன்றாம் வாரம் மனிதர்களுக்கு வரலாம். நடந்து போகிறவர்கள்தான் ஏற்றவர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டர் வரை சத்தமில்லாமல் வாருங்கள். சைக்கிளின் பெருமையே அந்தச் சத்தமின்மைதான், வீணாக்கக் கூடாது. பிறகு ஒரே அழுத்து. திடீர்ச் சத்தம் கேட்டால் மனித உடம்பு முதலில் ஒதுங்காது. தோளைக் குறுக்கிக் கண்ணை மூடி அப்படியே நின்றுவிடும். அல்லது சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சாலையின் நடுப்பக்கம் குதிக்கும். இரண்டில் எது நடந்தாலும் தப்பு அவர்கள் மேல்தான். நீங்கள்தான் ஹாரன் அடித்துவிட்டீர்களே.

ஒரு ஆயா இப்படிக் கேட்கலாம்: “யப்பா, நான் ஓரமாத்தான போறன். இதுக்கு மேல எங்கடா ஓரம்?”

“ஹாரன் அடிச்சா ஒதுங்கணும் ஆயா” என்று சொல்லிவிட்டு நிற்காமல் போங்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் உங்களிடம் இல்லை, நெடுஞ்சாலைத் துறையிடமும் இல்லை. தார் முடிகிற இடத்தில் பள்ளம், பள்ளத்தை அடுத்துக் கருவேலம் முள். அவர் நடக்கிற அந்த ஒரு முழ அகலம்தான் நேற்றுவரை உங்களுக்கும் பாதை.

2022-இல் நாட்டில் சாலை விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. இந்த முப்பத்திரண்டாயிரம் பேரில் ஒருவர் கையிலும் ஹாரன் இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன அலட்சியம்!

7. பின்னால் பார்க்காதீர்கள்.

சைக்கிளுக்குக் கண்ணாடி மாட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறதா, புழுதியைத் துடைத்தீர்களா, ராத்திரி வந்தால் லைட் எரிகிறதா என்றெல்லாம் நச்சரிப்பார்கள். அதே அறிக்கையில் விபத்து வகைகளில் பின்னாலிருந்து மோதுவதுதான் முதலிடம் என்று எடுத்துக்காட்டுவார்கள். உங்கள் ஹாரன் முன்பக்கம் பார்த்து இருக்கிறது, ஆபத்து பின்பக்கமிருந்து வருகிறது, இது எப்படிச் சரியாகும் என்று மடக்குவார்கள்.

மடங்காதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பேருந்து ஒரு விநாடிக்கு 22 மீட்டர் தாண்டுகிறது. அதைக் கண்ணாடியில் பார்த்தால் என்ன ஆகும்? ஒதுங்கத் தோன்றும். ஒதுங்கிவிட்டால் பிறகு ஹாரன் எதற்கு? போட்ட காசு வீண்.

கண்ணாடி நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், பேட்டரி வேண்டாம், யாரையும் திடுக்கிட வைக்காது. இவ்வளவு மலிவான பொருளை நம்பி உயிரை ஒப்படைப்பதா?

மிகவும் வற்புறுத்தினால், இரண்டு ஹாரனில் ஒன்றைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுங்கள். அழகுக்கு.

8. சட்டத்தைக் கரைத்துக் குடியுங்கள்.

இது உங்களுக்குச் சாதகமான அத்தியாயம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989; விதி 119. பல சுருதியில் மாறி மாறி ஒலிக்கிற, கிறீச்சிடுகிற, கேட்பவரைத் திடுக்கிட வைக்கிற ஹாரன் மோட்டார் வாகனத்தில் இருக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் அதிகாரிகள் ஏறிப் பேருந்துகளில் ஏர் ஹாரனைப் பிடுங்கிப் போடுகிற படம் செய்தித்தாளில் அவ்வப்போது வரும், பார்த்திருப்பீர்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000. பிரிவு 194 எஃப்.

நன்றாகப் படியுங்கள்: மோட்டார் வாகனம். உங்களிடம் மோட்டார் இல்லை, முழங்கால்தான் இருக்கிறது. பேருந்தில் பிடுங்கிய ஹாரனை நீங்கள் சைக்கிளில் மாட்டினால் அந்தச் சட்டம் உங்களைத் தொடாது. சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி வில்லை வாங்கிய காலம் இருந்தது. இருட்டில் லைட் இல்லாமல் போனாலும், பாரில் ஒருவரை ஏற்றி டபுள்ஸ் போனாலும், போலீஸ்காரர் நிறுத்திச் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தத் தாத்தாக்களுக்குக் கிடைக்காத சுதந்திரம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அனுபவியுங்கள்.

ஒலி மாசு விதிகள், 2000 என்று வேறொன்று இருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. அங்கேயும், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை குடியிருப்புகளிலும், அவசரத்துக்கன்றி ஹாரன் அடிக்கக் கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இதில் ‘மோட்டார்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்தேன். ஹாரன் என்றுதான் பொதுவாகப் போட்டிருக்கிறது, யாருடைய ஹாரன் என்று சொல்லவில்லை. அதனால் இந்த விதியைப் படிக்காமல் விட்டுவிடுவோம்.

9. அமைதியான இடத்தில்தான் ஹாரன் எடுபடும்.

நெடுஞ்சாலையில் அடித்தால் யார் கவனிக்கிறார்கள்? நூற்றோடு நூற்றொன்று. ஆர்ச் கேட்டில் திரும்பி நெய்வேலி டவுன்ஷிப்புக்குள் போங்கள். 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது திட்டம் போட்டுக் கட்டிய ஊர். அகலமான சாலை, இரண்டு பக்கமும் மரம், வட்டம் வட்டமாக வீடுகள். பழைய ஆட்களைக் கேட்டால் ஷிப்ட் விடும் நேரத்தில் சாலை நிறையச் சைக்கிளாக வந்ததைச் சொல்வார்கள். அத்தனை பேரும் வெறும் பெல்லை வைத்துக்கொண்டு எப்படி உயிர் பிழைத்தார்கள் என்று யோசித்தால் ஆச்சரியமாக இருக்கும். யோசிக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது மோட்டார் சைக்கிளில், உங்களுக்குப் பின்னால் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இருக்கிற ஊர் அது. வீட்டு ஜன்னல்களுக்குக் கீழே போகும்போது ஒருமுறை அடித்து வையுங்கள். யாரும் குறுக்கே வரவில்லையே என்கிறீர்களா? வந்தால்?

10. சங்கீதத்தைச் சேருங்கள்.

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-இல் ஒரு யோசனை சொன்னார். 2025-இல் மறுபடியும் சொன்னார். வண்டி ஹாரன்களில் புல்லாங்குழல், தபேலா, வயலின், ஆர்மோனியம் போன்ற நம் நாட்டு வாத்திய ஒலிகளை வைக்க வேண்டுமாம். வயலினும் ஆர்மோனியமும் எந்த நாட்டிலிருந்து வந்தன என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். டெல்லி முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல் நீங்கள் முந்திரிக்கொட்டையாக முந்திக்கொள்ளுங்கள். தவில் வைக்கலாம், நாகஸ்வரம் வைக்கலாம். பின்னால் லாரி வரும்போது நீங்கள் கல்யாணி வாசித்துக்கொண்டே போனால், போகிற போக்கு மங்களகரமாக இருக்கும்.

யாழ்ப்பாணத்துப் பக்கம் போனவர்கள் சொல்வார்கள்: இலங்கையில் பாண் எனும் ரொட்டி விற்கும் ஆட்டோ பீத்தோவனின் ‘ஃபர் எலீஸ்’ இசையை ஒலிக்க விட்டுக்கொண்டு தெருத் தெருவாக வரும். சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருவார்கள், கையில் காசோடு. அந்த மாதிரியான சத்தம் நமக்குக் கூடாது. ஐஸ் வண்டி விஷயத்தில் முன்னமே எச்சரித்திருக்கிறேன்.

11. உங்களைப் பார்த்து மற்றவர்களும் மாட்டுவார்கள். வரவேற்றுப் பேசுங்கள், அதற்குள் இன்னும் பெரிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.

பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நாலு நாலு பேராகக் கைகோத்துப் போகிற பிள்ளைகள் முதலில் மாட்டுவார்கள். பிறகு பால்காரர். பிறகு, கீரைக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவர். எல்லோரும் மாட்டிய பிறகு உங்கள் 115 டெசிபல் வெறும் பெல் ஆகிவிடும். நேற்றுவரை இருந்த இடத்திலேயே நிற்பீர்கள், காதுக்கு மட்டும் கூடுதல் செலவு. பதறாதீர்கள். 10 டெசிபல் ஏற்றினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். அடுத்தவர் ஏற்றுகிறவரைக்கும் உங்களுக்கு நிம்மதி.

2020 தொடக்கத்தில் மும்பை போலீஸ் ஒரு வேலை செய்தது. சிக்னல் கம்பத்தில் டெசிபல் மீட்டரைப் பொருத்தி, சிவப்பு விளக்கில் நிற்கிறவர்களின் ஹாரன் சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு மறுபடியும் முதலிலிருந்து எண்ணும்படி வைத்தார்கள். அடித்தால் அடித்தவனுக்கே தாமதம். இப்படி ஒன்று காடாம்புலியூரில் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஊருக்கு ஊர் சிக்னல் வைத்து, அது எரிந்து, அதில் எல்லோரும் நின்று, அதற்குப் பிறகல்லவா மீட்டர்!

12. உங்கள் காதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கொஞ்ச நாள்தான்.

ஐந்தாம் படியில் ஒரு ஆளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். ஹேண்டில்பாருக்கும் உங்கள் காதுக்கும் ஒரு மீட்டர்கூட இல்லை. ஆயாவுக்கு 109, காருக்கு அறுபது சொச்சம், உங்களுக்கு 115-க்குக் குறையாது. ஹாரனின் முதல் ரசிகர் நீங்கள்தான். ஆயா ஒருநாளைக்கு ஒருமுறை கேட்கிறார். நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள்.

வேலையிடத்தில் 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி. 100-க்குக் கால் மணி. 115-க்கு வந்தால் ஒருநாளைக்கு அரை நிமிடம்கூட இல்லை, 28 விநாடி. பண்ருட்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் அதைச் செலவழித்துவிடுவீர்கள்.

நல்லது என்னவென்றால், சில வருடத்தில் இந்தத் தொந்தரவு தானாகவே குறைந்துவிடும். முதலில் மெல்லிய ஒலிகள் போகும். சைக்கிள் செயின் சத்தம், பின்னால் வருகிற டயர் தாரில் உரசும் சத்தம், ‘தம்பி, பஸ்ஸு!’ என்று டீக்கடையிலிருந்து கூப்பிடுகிற குரல். கண்ணாடியும் இல்லாமல், காதும் கேட்காமல் சாலையில் போகிற சுகம் இருக்கிறதே! எந்த ஹாரனும் உங்களை எரிச்சலூட்டாது.

13. மோதல் நடந்துவிட்டால் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்து வையுங்கள்.

‘நான் ஹாரன் அடிச்சேன்.’ அடிபட்டுக் கிடந்தாலும் இதை முதலில் சொல்லிவிடுங்கள். பேர், ஊர், ரத்த வகை எல்லாம் அப்புறம். வேகமாக வந்தேனா, வலது பக்கம் வந்தேனா, பிரேக் பிடித்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நம் ஊரில் விபத்து விசாரணை ஒரே கேள்வியில் முடிகிறது: ஹாரன் அடிச்சியா, இல்லையா?

கூட்டம் கூடும். பேருந்து ஓட்டுநர் இறங்குவார். “நான் ஆர்ச் கேட்லேர்ந்து ஹாரன் அடிச்சுக்கிட்டேதாங்க வரேன்” என்பார். பொய் சொல்லவில்லை; ஊருக்கே தெரியும்.

“நானும்தான்ண்ணே அடிச்சேன்” என்று நீங்கள் சொல்லுங்கள். கேரியரில் பேட்டரி இருக்கிறது, சாட்சிக்கு.

இரண்டு பேரும் அடித்திருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு பேர் மேலும் தப்பில்லை. கூட்டத்துக்குக் குழப்பம் வரும். தப்பு யார் மேலும் இல்லாமல் ஒரு விபத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக யாருக்கும் மனம் வராது. அப்போது யாராவது ஒருவர் கையை நீட்டிக் காட்டுவார். பேருந்து எந்த ஆட்டுக்காக வெட்டித் திரும்பியதோ, எந்த ஆட்டைப் பார்த்து நீங்கள் பிரேக்கை விட்டுப் பொத்தானைத் தேடினீர்களோ, அந்த ஆடு சாலை ஓரத்தில் பலாச் சக்கை மென்றுகொண்டு நிற்கும். அது மட்டும் ஹாரன் அடிக்கவில்லை.

ஆட்டுக்காரரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். ஹேண்டில்பார், முன் ரிம், மட்கார்டு, இரண்டு ஹாரன், ஒரு பேட்டரி: கணக்கை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.